பென்சீனை ஒழிக்கப் புறப்பட்ட நூலகர்

எப்பாடு பட்டாவது கார் ஷெட்டை மீட்டே தீருவது என்று நூலகர் சபதம் செய்தார். மனதுக்குள்தான். நூலகத்தில் அவர் "உஷ்" என்றால் நாற்பது பேர் வாயை மூடுவார்கள். வீட்டில் அவர் வாயைத் திறந்தாலே மனைவி "என்ன?" என்பாள்.

வீட்டை ஒட்டிய ஷெட்டில் பாதி காருக்கு, மீதி அவளுடைய நாற்காலிகளுக்கு. பழைய நாற்காலிகளைத் தேய்த்து வார்னிஷ் அடித்துக் கொடுப்பது அவள் தொழில். நாள் முழுக்க அங்கேயே இருப்பாள். நூலகருக்கு இதில் என்ன கஷ்டம்? மூன்று வருஷத்துக்கு முன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்து சிகரெட்டை விட்டவர் அவர். விட்ட சிகரெட்டைப் பிடிக்க அந்த ஷெட்டைத் தவிர வேறு போக்கிடமில்லை. பாக்கெட்டையும் அவளுடைய அலமாரியிலேயே, ஒரு காலி வார்னிஷ் டப்பாவுக்குள் வைத்திருந்தார். அங்கே போய் யார் தேடப்போகிறார்கள்!

ஒரு வெள்ளிக்கிழமை, மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தால் உள்ளே மடித்த துண்டுப்பிரசுரம். பென்சீன் என்ற ரசாயனம் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், ரத்தப் புற்றுநோய் வரலாம் என்று போட்டிருந்தது. "சிலவகை பெயின்ட், பசை, வார்னிஷ்" என்ற வரியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார். அது கூட்டுக்குள் எப்படி வந்தது என்று யோசிக்கக்கூட இல்லை.

"இந்தா பாரு, உன் வார்னிஷ்ல பென்சீன் இருக்கு. உயிருக்கே ஆபத்து. உடனே இடத்தைக் காலி பண்ணு!"

"ஐயையோ! இது தண்ணியில கரைக்கிற வார்னிஷாச்சே. பென்சீன் இல்லேன்னு டப்பாலயே போட்டிருக்கே?"

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டுத்தான் இருந்தது.

"வேற எதுலங்க இருக்கும்?"

"பெட்ரோல்ல" என்று பிரசுரத்தின் மீதியைப் படித்தார்.

"அப்போ புல் வெட்டற மிஷினுக்குன்னு நீங்க உள்ள வெச்சிருக்கிற கேன்?"

"அது... மூடித்தானே இருக்கு?"

"ஷெட்டுக்குள்ளயே காரை ஸ்டார்ட் பண்ணிட்டு, பத்து நிமிஷம் செருப்பு தேடறீங்களே, அந்தப் புகை? நேரா சமையல் அறைக்குத்தானே வருது?"

அடிக்க வந்த தாம் எப்போது அடி வாங்க ஆரம்பித்தோம் என்று நூலகருக்குப் புரியவில்லை.

"சிகரெட் புகையில?"

"அதுலதான் ஜாஸ்தி!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆனா இங்க யாரு பிடிக்கறா?"

"அதானே!" என்றாள் மனைவி. "சரிங்க, நீங்க சொன்னா சரி. பழைய டப்பா, பெட்ரோல் கேன் எல்லாம் போகட்டும். நகராட்சி ரசாயனக் குப்பை வண்டிக்கு நீங்களே போன் பண்ணுங்க."

ஜெயித்தோமா தோற்றோமா? தெரியாமலே போன் செய்தார். வண்டி வருவதாகச் சொன்ன பிறகுதான் சிகரெட் வைத்த டப்பா ஞாபகம் வந்து ஷெட்டுக்கு ஓடினார். அவளோ ஷெட்டை விட்டு நகரவில்லை. அலமாரியிலிருந்து பதினேழு டப்பாக்களையும் வாசலில் இறக்கிவிட்டாள். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. நூலகர் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

"என்னங்க பண்றீங்க?"

"பென்சீன் இருக்கான்னு பார்க்கறேன்."

"காதாலயா?"

பதினோராவது டப்பா கடகடவென்றது. அதற்குள் வண்டி வந்துவிட்டது; வண்டிக்காரர் கையை நீட்டி வாங்கிவிட்டார். "இது என்னம்மா, காலி டப்பாவுக்குள்ள ஏதோ உருளுது?"

"ஏத்துங்கண்ணே. அதுலதான் ஜாஸ்தின்னு சாரே சொன்னாரு."

வண்டி தெருமுனை திரும்பும்வரை நூலகர் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார். மனைவியின் கண் கலங்கியிருந்தது. "எனக்கு நீங்க வேணுங்க" என்றாள். அவர் நெஞ்சு நெகிழ்ந்து, இனிமேல் சத்தியமாகத் தொடமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்தக் காகிதத்தை எங்க வெச்சா நீங்க கண்டிப்பா படிப்பீங்கன்னு ரெண்டு நாளா யோசிச்சேங்க."