கால் அலை

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை யார் கூப்பிட்டாலும் மாடியறையை விட்டு இறங்குவதில்லை என்று சபதம் செய்தேன். யார் என்றால் என் மனைவிதான். கீழே தையல் மிஷினில் உட்கார்ந்தபடி "என்னங்க" என்பாள். நான் இருபத்தெட்டுப் படி இறங்கி, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டு ஏறுவேன்.

கத்திக் கத்தித் தொண்டை போகிறதாம், பொத்தானை அழுத்தினால் மாடியில் அடிக்கிற மாதிரி மணி வேண்டுமாம். வயர்லெஸ் மாட்யூல்களைச் சோதிப்பதே என் உத்தியோகம். மறுக்க முடியுமா? மறுக்கவில்லை. ஆண்டெனாவில் கைவைத்தேன்.

நேரான கம்பி வைத்தால் தெருக்கோடி வரை எட்டும். நான் பொறுக்கியெடுத்தது சுண்டுவிரல் நகமளவு ஸ்பிரிங். போதாததற்கு மணியை ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து மூடினேன். தகரத்தைத் தாண்டி அலை வராது. அவள் அழுத்தோ அழுத்தென்று அழுத்தினாள். மாடியில் பரம சுகம்.

"ஏங்க எட்டல?"

"ஆண்டெனான்னா சும்மாவா? அலை நீளத்துல கால் பங்கு இருக்கணும். அதுக்குப் பேரு கால் அலை."

"உங்க கால் மட்டும் அலையவே மாட்டேங்குதே. எவ்வளவு நீளம்?"

இங்கே வாயை மூடியிருக்கலாம். தொழில் விஷயம் கேட்டால் என் வாய் நிற்காது. பதினேழேகால் சென்டிமீட்டர், நேராக நிற்கணும், பக்கத்தில் தகரம் கூடாது என்று ஒப்பித்தேன். அவள் சாக்குக்கட்டியால் துணியில் குறித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு மணி அலறியது. டப்பாவைக் காணோம். ஸ்பிரிங் இருந்த இடத்தில் கம்பி, பதினேழேகால், மயிரிழை பிசகவில்லை. அளவு டேப் பிடிக்கிற கை அல்லவா?

சபதம் சபதம்தான். வரமாட்டேன் என்று நேரில் சொல்லிவிட்டு வரத்தான் இறங்கினேன். கீழே யாருமில்லை. போன் அடித்தது. அவள்தான்.

"டப்பா சட்டைப் பட்டன் போட்டு வைக்க வேணும்னு எடுத்தேன். மணி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஆனா வரமாட்டேன். எங்க இருக்க?"

"தெருக்கோடியில, அக்கா வீட்டுல. இங்கேருந்துதான் அழுத்துனேன்."

எனக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. "பாத்தியா, அவ்வளவு தூரம் எட்டுது."

"அதான், இனிமே பொத்தானை அக்காவும் நானும் மாத்தி மாத்தி வச்சுக்கப் போறோம். அவ வீட்டுப் பரண் சுத்தம் பண்ணணுமாம்."

வரமாட்டேன், வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.