மேய்ச்சலுக்குப் போன மீன்

ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவளுக்கு உலகத்தில் எந்த உயிரையும் வளர்க்கத் தெரியும். இது என் அபிப்பிராயம். இத்தனை வயதுக்குப் பிறகும் அதில் மாற்றம் இல்லை. மீனை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான் பிறந்த ஊர் பசுவந்தனைப் பக்கம். அப்பா கிடை போடுகிறவர். கிடை என்றால், அறுப்பு முடிந்த புஞ்சையில் ராத்திரி ஆடுகளை மொத்தமாக அடைத்துப் படுக்க வைப்பது. விடிந்தால் ஆடு மேய்ச்சலுக்குப் போய்விடும். அது போட்ட புழுக்கையும் மூத்திரமும் கரிசலுக்கு உரமாகத் தங்கிவிடும். "எங்க புஞ்சைக்கு எப்ப வாரீங்க?" என்று சம்சாரிகள், அதாவது விவசாயிகள், அப்பாவைத் தேடிக்கொண்டு வருவார்கள். கிடை கிடந்த இடத்தில் ஒரு நெடி வரும் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஊரார் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் வீட்டில் அது லட்சுமி வாசம்.

அந்த மூக்கோடுதான் கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் ஒரு மில் ஆபீசருக்குக் கார் ஓட்டினார். வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார். அப்புறம் என் நாத்தனார் பொன்னுத்தாய். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்து பார்த்த இரண்டு இடமும் தட்டிப் போயிருந்தது. காரணம், அவள் வாய். முதலில் வந்தவர்கள் "பாடத் தெரியுமா?" என்று கேட்டார்களாம். இவள் "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டாளாம். (எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.)

அந்தச் சமயத்தில் ஆபீசருக்கு மாற்றல் வந்தது. அவர் வீட்டு அம்மா தங்கள் கண்ணாடித் தொட்டியை மீனோடு என் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன் நடுவில் தொட்டியை வைத்து, மீனைத் தனியே ஒரு வாளியில் விட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு இவர் வந்து இறங்கினார். தெருவே திரண்டுவிட்டது. நான்கு மீன்கள், தங்கத்தை உருக்கி வார்த்த மாதிரி! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கையே ஆச்சரியமாகப் பார்த்து வளர்ந்தவள் வீட்டுக்குள் தங்கம் நீந்துகிறது என்றால் சும்மாவா?

"எப்படி வளக்கணும்னு அந்த அம்மா சொன்னாவளா?" என்று கேட்டேன்.

"நெறையச் சொன்னாவ. பத்திரம்னு சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றார்.

"போதும். ஆட்டையே வளத்தவ நான். இது என்ன, காலில்லாத ஆடு!"

முதல் வேலையாகத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் மணல், மணல்மேல் வழவழவென்று பாசி. பெரிய இடத்துப் பெண்கள் வீடு வைத்திருக்கும் லட்சணத்தைப் பார் என்று சொல்லிக்கொண்டு, மணலையெல்லாம் கொல்லையில் கொட்டினேன். தொட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளைக் குடம் மாதிரி தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. அந்த வழவழப்புதான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் என்பது எனக்கு எங்கே தெரியும்? என் பேரன் போன வருஷம் ஒரு தொட்டி வாங்கியபோது விளக்கினான். "நல்லா இருந்த வீட்டைக் காலி பண்ணிருக்கீங்க ஆச்சி" என்றான்.

மீன்களுக்குப் பெயர் வைத்தேன். செவலை, மயிலை, சுட்டி, கொம்பன். (கொம்பு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். எங்கள் கிடாயின் பெயர் அது.) காலையில் தொட்டி அருகே போய் நாக்கை மடக்கி, ஆட்டைக் கூப்பிடுவதுபோல "ட்ரியோ, ட்ரியோ" என்பேன். பொன்னுத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

தீனி விஷயத்தில் நான் கஞ்சத்தனமே காட்டவில்லை. கடலைப் புண்ணாக்கு ஊறப்போட்டுக் கரைத்தேன். பருத்திக்கொட்டை ஆட்டிப் பால் எடுத்து ஊற்றினேன். மிச்சச் சோறு, பொரிகடலை, எல்லாம் உள்ளே போயிற்று. தண்ணீர் மாற்றும் பேச்சே கிடையாது. தெருக்குழாயில் குடத்தை வரிசை வைத்து, சண்டை போட்டு, தூக்கி வந்த தண்ணீர். அதைக் கீழே ஊற்றுவேன் என்றால் அத்தை என்னையும் சேர்த்து ஊற்றிவிடுவார்கள். குறைந்தால் மேலாக ஒரு செம்பு விடுவோம், அவ்வளவுதான்.

சில நாளில் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீராக வெளுத்தது. ஒரு மத்தியானம் தொட்டிமேல் மூடியிருந்த பலகையை எடுத்தேன். குப்பென்று அடித்தது ஒரு நெடி. என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"அத்தை! இங்கன வாங்க! கிடை வாடை வந்துருச்சு!"

அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். "நாறுதுல்லா!"

"நாத்தமா? உரம் ஏறுது அத்தை. பாத்துக்கிட்டே இருங்க, மீனு கிடாக்குட்டி கணக்கா மொழுக்கும்."

(அப்படிக் கொழுத்து மொழுக்கின மீனை இனிமேல்தான் நான் பார்க்க வேண்டும்.)

இதற்கிடையில் தூத்துக்குடியிலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை ஐஸ் பேக்டரியில் மெக்கானிக். என் வீட்டுக்காரர் பெண்ணைப் பற்றி என்ன சொன்னாரோ, தொட்டியைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார். "மொதல்ல அந்தத் தங்க மீனைப் பாக்கணும், அப்புறம் பொண்ணைப் பாத்துக்கிடுதேன்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலையில் பார்க்கிறேன், மயிலை மல்லாந்து மிதக்கிறது. மற்ற மூன்றும் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டி, திறந்து மூடித் திறந்து மூடி, காற்றைத் தின்றுகொண்டிருந்தன.

அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா! சாவு விழுந்த தொட்டியக் காட்டுனா எவ பொண்ணு எடுப்பா? ரெண்டு இடம் இவ வாயால போச்சு. இது ஒன் மீனால போகப் போகுது. மூணாவது இடமும் போனா இந்தக் கழுதைய அப்புறம் யாருட்டி கட்டுவா?"

அடுப்படியில் பொன்னுத்தாய் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். எதற்கும் பதில் வைத்திருப்பவள் அன்றைக்குத் தலை குனிந்து கரண்டியை மட்டும் வேகமாகக் கிண்டினாள். அதைப் பார்த்ததும் ஓடிப்போய் மயிலையைக் கொல்லையில் பூசணிக்கொடிக்கு அடியில் புதைத்தேன். மற்ற மூன்றும் வாயைத் திறந்தபடியே இருந்தன. வாயைத் திறந்தால் பசி. குட்டிக்கும் அப்படி, பிள்ளைக்கும் அப்படி. இன்னும் ஒரு கை புண்ணாக்கைப் போட்டேன்.

நெடியை மறைக்க அத்தை சாம்பிராணி போட்டார்கள். போட்டார்கள், போட்டார்கள், போட்டுக்கொண்டே இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்றபோது உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இருமல் சத்தத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டோம்.

"ஏட்டி, அவிய கேட்டா தலைய மட்டும் ஆட்டு. வாயத் திறக்கப்படாது" என்று அத்தை பொன்னுத்தாய்க்குக் கடைசி உத்தரவு போட்டார்கள். அவள் பட்டுச்சேலை கட்டித் தலை குனிந்து கதவோரம் நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா சொன்னபடி நேராகத் தொட்டிக்குப் போனார்கள். கூடவே கேசரித் தட்டோடு நான். பின்னால் மாப்பிள்ளை. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்று, அழைத்து வந்த என் வீட்டுக்காரர் என் காதைக் கடித்திருந்தார். அப்படிப்பட்டவர் திடீரென்று மூக்கை உறிஞ்சி, "அமோனியா!" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மீனின் இங்கிலீஷ் பெயராக்கும் என்று நினைத்து, "இல்ல தம்பி, இது செவலை" என்றேன்.

"அது இல்ல. ஐஸ் போடுததுக்கு எங்க பேக்டரியில பைப்புல ஓடுமே, அந்த அமோனியா வாடை. பைப்பு லீக்காச்சுன்னா நாங்க போட்டது போட்டபடி வெளிய ஓடிருவோம். மூச்சு முட்டும்."

"அப்ப இந்த மீனு ஏம்ப்பா வாயத் திறந்து திறந்து மூடுது?" என்று அவர் அம்மா கேட்டார்கள்.

"பசிக்குதும்மா" என்று நான் முந்திக்கொண்டேன். கையில் வேறு எதுவும் இல்லை. ஒரு தேக்கரண்டி கேசரியை எடுத்துத் தொட்டிக்குள் போட்டேன்.

நெய் விட்டுச் செய்த கேசரி. தண்ணீர்மேல் பூப்பூவாக நெய் விரிந்தது. அதற்கு நடுவே ஒரு முந்திரிப் பருப்பு மட்டும் தெப்பம் போல மிதந்து வந்தது. கொம்பன் அதன்மேல் முட்டிக்கொண்டு நின்றது.

அந்த அம்மா தொட்டியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். "நாலு மீனுன்னுல்லா சொன்னாவ. மூணுதானே நிக்கி?"

அத்தையின் கண் என்னைக் குத்திற்று. செத்துப் போயிற்று என்று சொல்ல முடியாது. ஏதாவது சொல்லியாக வேண்டும். என் வாய் என்னைக் கேட்காமலே, ஊரில் ஆடு குறைந்தால் சொல்லும் பதிலைச் சொல்லிவிட்டது.

"ஒண்ணு மேய்ச்சலுக்குப் போயிருக்கு."

அந்த அம்மா குனிந்து தொட்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள்.

கதவோரத்திலிருந்து, குனிந்த தலை நிமிர்ந்தது. "மேய்ச்சலுக்கா? மீனு எங்க மதினி மேய்ச்சலுக்குப் போகும்?" பொன்னுத்தாயின் குரல்தான். "ஆடு ராத்திரி கிடையில படுத்துட்டு விடிஞ்சா வெளிய போயிரும். ஒங்க அப்பாவும் ரெண்டு நாளைக்கு ஒருக்கக் கிடைய மாத்திப் போட்டுருவாவ. இதுக எங்க போகும்? தின்னதும் அங்கன, பேண்டதும் அங்கன, மூச்சு விடுததும் அங்கன. கிடைய மாத்தவே இல்லையே நாம! அதான் அந்த அண்ணாச்சி சொல்லுதாவள்லா, மூச்சு முட்டுதுன்னு!"

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை அண்ணாச்சி என்று சொன்னவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான். அத்தை அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

ஆனால் மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தார். "தண்ணி வேணும். பழைய தண்ணி. கொழாயில இப்பப் பிடிச்சதுன்னா குளோரின் மருந்து வாடை அடிக்கும், மீனுக்கு ஆகாது."

"நேத்துப் பிடிச்ச தண்ணி தவலையில இருக்கு" என்றாள் பொன்னுத்தாய்.

"ஏட்டி, அது வந்தவியளுக்குக் காபி போட வச்ச தண்ணி!" என்று அத்தை தரையிலிருந்தே கத்தினார்கள்.

யார் கேட்டார்கள்? பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தவலையைத் தூக்கினாள். அவர் செம்பால் நெய்த் தண்ணீரை மோந்து வாளியில் ஊற்றினார். "முழுசா மாத்த வேண்டாம், மெரண்டுரும், பாதி போதும்" என்று அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டச் சொன்னது யாரை, ஆட்டியது யார்! நான் வாளி வாளியாகக் கொண்டுபோய்ப் பூசணிக்கொடியில் ஊற்றினேன். வந்தவர்களுக்குக் காபிக்குப் பதில் என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கோலி சோடா வாங்கி வந்தார். சோடா உடைக்கிற சத்தத்தில் ஒவ்வொரு தடவையும் அத்தை திடுக்கிட்டார்கள்.

தண்ணீர் மாறிய கொஞ்ச நேரத்தில் செவலை வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கியது. அப்புறம் சுட்டி. கொம்பன் கடைசியாக முந்திரிப் பருப்பை விட்டுவிட்டு இறங்கியது. நான் கை தட்டிவிட்டேன். மாப்பிள்ளையும் பொன்னுத்தாயும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீனைத்தான் பார்த்தார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா சோடாவைக் குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, அத்தையைப் பார்த்துச் சொன்னார்கள்: "எம் மவன் வீட்ல ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தை பேசுனா அதிசயம். ஊமைப் பொண்ணா வந்து வாச்சிட்டா நான் செவுத்தோடல்லா பேசணும்னு பயந்துக்கிட்டு வந்தேன். இவ போதும் எனக்கு. வெத்தல பாக்கு எடுங்க சம்மந்தியம்மா."

அதற்கப்புறம் நான் மீனைக் கிடை மாதிரியே நடத்தினேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் பழைய தண்ணீர் ஒரு குடம் வெளியே போகும், ஆறப்போட்ட தண்ணீர் ஒரு குடம் உள்ளே வரும். தீனி ஒரு சிட்டிகை. கொல்லையில் கொட்டிய மணலை அள்ளி வந்து மறுபடி போட்டேன். அதில் பாசி பிடித்தபோது கையை வைக்கவில்லை. நெடி அடங்கியது, தண்ணீர் தெளிந்தது. மூன்று மீனும் பொன்னுத்தாயின் கல்யாணத்தைப் பார்த்தன. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் எங்கள் பூசணிக்கொடியில் காய்த்த காய் மாதிரி தெருவில் யார் வீட்டிலும் காய்க்கவில்லை. உரம் என்று நான் சொன்னது உரம்தான். ஊற்ற வேண்டிய இடம்தான் கொஞ்சம் மாறிப்போயிற்று.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது கண்ணில் படவில்லை என்றால், "மேய்ச்சலுக்குப் போயிருக்கு" என்றுதான் பதில் வரும். பொன்னுத்தாயின் வீட்டுக்காரர், தலை முழுக்க நரைத்த பிறகும், எங்கள் நடைவாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுவார்.

"என்னக்கா, கிடைய மாத்தியாச்சா?"

கேட்டுவிட்டுச் சிரிக்க வாயைத் திறப்பார். நான் விடுவேனா? கையில் தயாராக வைத்திருக்கும் கேசரியை ஒரு கரண்டி எடுத்து உள்ளே போட்டுவிடுவேன். வாயைத் திறந்தால் பசி என்றுதானே அர்த்தம்?