தீவைச் சுற்றி ஒரு வளையம்

கல்யாணத்துக்கு இன்னும் சரியாக இருபத்தொன்பது மணி நேரம் இருந்தது. பெண்ணின் அப்பா வானிலை அலுவலகத்தின் தலைமை அதிகாரி. மேடை, எழுநூறு நாற்காலி, விருந்து எல்லாம் கடற்கரையில், திறந்த வெளியில். மழை தன்னைக் கேட்காமல் பெய்யாது என்று சம்பந்தியிடம் மார்தட்டியிருந்தார். வரைபடத்தைப் புதுப்பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு விடுப்பில் போய்விட்டார்.

புதுப்பெண் என்றால் வேலைக்குப் புதுசு. சேர்ந்து நாற்பது நாள். ஒவ்வோர் ஊரின் காற்றழுத்தத்தையும், மேட்டு ஊர்களில் குறைவாகக் காட்டுவதைச் சரிக்கட்டிக் குறித்து, ஒரே அழுத்தமுள்ள ஊர்களைக் கோட்டால் இணைத்தாள். கோடுகள் தள்ளித் தள்ளிப் போனால் காற்று சாது. நெருக்கியடித்தால் வம்பு. எல்லாக் கோடும் ஒழுங்காகத்தான் போயின. எதிரே இருந்த தீவில் மட்டும் அழுத்தம் ஓர் எண் குறைந்திருந்தது. ஆயிரத்தேழுக்குப் பதில் ஆயிரத்தாறு.

அழுத்தம் விறுவிறுவென்று இறங்கினால்தான் புயல்; ஒன்று குறைந்தால் ஒன்றுமில்லை. ஆனால் இது அதிகாரி வீட்டுக் கல்யாணம்.

தீவு நிலையத்தில் ஒரே ஓர் ஊழியர். அவருக்குப் போன் செய்து, கடல் பொங்கினாலும் பொங்கலாம், அழுத்தம் அளக்கும் கருவி நனையாமல் பத்திரம், அரை மணிக்கொரு தரம் அளவு சொல்லுங்கள் என்றாள்.

அரை மணியில் ஆயிரத்து நான்கு.

அதிகாரியை அழைத்தாள். அவர் அலங்காரத்தையெல்லாம் பிரிக்கச் சொன்னார். அவள் தீவுக்காரரிடம் நிலைமை மோசமாகிறது, கருவி பத்திரம் என்றாள்.

அடுத்த அரை மணியில் ஆயிரத்திரண்டு. தீவுக்காரருக்குப் பேசவே மூச்சு வாங்கியது. பாவம், பயந்துவிட்டார் என்று இவளுக்கு இன்னும் பயம் பிடித்தது. வரைபடத்தில் தீவைச் சுற்றிக் கோடுகள் கட்டைவிரல் ரேகை மாதிரி நெருங்கிவிட்டன. ஜன்னல் வழியே பார்த்தாள். ஓர் இலைகூட அசையவில்லை. அசையாததுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அதிகாரி விருந்தை ஒரு சிமென்ட் கிடங்குக்கு மாற்றினார். அங்கே இருநூறு பேர்தான் உட்காரலாம். யார் அந்த இருநூறு என்று இரண்டு வீட்டாருக்கும் தகராறு. பெண் வீட்டுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமே இல்லை போலிருக்கிறது என்று மாப்பிள்ளையின் அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, கடைசியா ஒரு தடவை கேட்டுச் சொல்லு," என்றார் அதிகாரி. "இன்னும் ஒண்ணு குறைஞ்சாலும் கல்யாணத்தைத் தள்ளி வெச்சிடறேன். பொண்ணு வேற அழுதுட்டு இருக்கா."

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு போனில் தீவை அழைத்தாள்.

"அண்ணா, இப்ப எவ்வளவு?"

நெடுநேரம் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது.

"ஆயிரத்து... ஒண்ணு, மேடம்."

ஒரு கல்யாணத்தை நிறுத்தும் வார்த்தையை எப்படிச் சொல்வது?

"கவலைப்படாதீங்க மேடம். இதுக்கு மேல குறையாது."

"அதை நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"பத்திரமா வைங்க, பத்திரமா வைங்கன்னு நீங்க சொல்லச் சொல்ல, நானும் கருவியைத் தூக்கிட்டு மேல மேல ஏறிட்டே இருக்கேன். இப்ப கலங்கரை விளக்கத்து உச்சிக்கே வந்தாச்சு. இனிமே ஏறப் படி இல்ல."