மூன்றாம் தடவை கேட்காத ஹால்வர்

என் மனைவிக்கு நான் ஒருவனே ஜாமீன் நிற்பேன், வேறெவன் தயவும் எனக்கு வேண்டாம் என்று போன இலையுதிர்காலத்தில் சபதம் செய்தேன். சபதம் செய்தபோது எதிரில் யாரும் இல்லை. அது ஒரு வசதி.

மனானா ஜார்ஜியாக்காரி. நம் அமெரிக்காவின் தெற்கத்தி ஜார்ஜியா இல்லை, கருங்கடல் ஓரத்து ஜார்ஜியா. என் பழைய ரஷ்ய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கார்புரேட்டர் தேடி இணையத்தில் அலைந்தபோது, அங்கே உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தவள் அகப்பட்டாள். முதலில் கார்புரேட்டர் வந்தது. எட்டு மாதம் பேசித் தீர்த்தபின் அவளே வந்தாள். கார்புரேட்டர் இன்னும் பொருந்தவில்லை. அவள் வந்த அன்றே பொருந்திவிட்டாள்.

அவள் இங்கேயே தங்கிவிடக் கல்யாணம் ஆனால் மட்டும் போதாது. இவளை நான் காப்பாற்றுவேன், அரசாங்கத்தின் தலையில் கட்டமாட்டேன் என்று கணவன் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். கல்யாணத்தையாவது விவாகரத்து முடித்துவைக்கும். இந்தப் படிவம் அதற்கும் மசியாது. அவள் குடியுரிமை வாங்கவேண்டும், அல்லது பத்து வருஷம் உழைக்கவேண்டும், அல்லது யாராவது ஒருவர் போய்ச் சேரவேண்டும். அதுவரை பிடி விடாது. ஆனால் அதில் என் பெயருக்கு எதிரே ‘ஸ்பான்சர்’ என்று போட்டிருந்தது. மினசோட்டாவில் ஏரிக்கரையில் படகு மோட்டார் ரிப்பேர் பார்க்கும் வெண்டெல் ஹாகனாகிய என்னை அதுவரை எந்தக் காகிதமும் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரியில் குடியேற்றத் துறையின் பதில் வந்தது. மனானா பெயருக்குத்தான் வந்தது, பிரித்தது நான். உங்கள் கணவரின் வருமானம் இரண்டு பேரைக் காப்பாற்றப் போதாது. கூட ஒரு ஸ்பான்சரைச் சேர்த்து மார்ச் முதல் தேதிக்குள் அனுப்பவும். தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

தப்பு என்னுடையதுதான். பத்து வருஷமாக வரிக்கணக்கில் தூண்டில், வலை, பனியில் ஓட்டும் வண்டி, நாய் பிஸ்கட் வரை எல்லாவற்றையும் தொழில் செலவாக எழுதிவந்தேன். நாய் கடையைக் காவல் காக்கிறதே! காபிக் கடையில் உட்கார்ந்து, “விவரம் தெரிஞ்சவனுக்கு வரி ஏதுடா?” என்று பீற்றல் வேறு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயாலும் கெட்டேன், பேனாவாலும் கெட்டேன். இப்போது அரசாங்கத்தின் கண்ணில் நான் பெண்டாட்டியை வைத்துக் காப்பாற்ற வக்கில்லாத பரதேசி.

மனானாவிடம் சொல்ல வாய் வரவில்லை. “கடை அமோகமா ஓடுது” என்று சொல்லித்தானே அழைத்துவந்தேன்? கடிதத்தை மடித்து, தூண்டில் இரை வைக்கும் ஃப்ரீசரில், குட்டி மீன் டப்பாவுக்கு அடியில் ஒளித்தேன். அந்த நாற்றத்துக்கு அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள். பிறகு ரகசியமாக இன்னொரு ஸ்பான்சரைப் பிடிக்கக் கிளம்பினேன்.

ஆள் தயாராக இருந்தார். பக்கத்து வீட்டு ஹால்வர் ட்வெட். முப்பத்தைந்து வருஷம் மின்கம்பம் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர். நல்ல பென்ஷன். எழுபத்தொரு வயது, ஒண்டிக்கட்டை. நான் டவுசர் போட்ட காலத்திலிருந்து என்னைத் தெரியும்.

ஆனால் எங்கள் ஊரில் எதையும் நேராகக் கேட்கக்கூடாது. எதிராளி தானாகச் சொல்லவேண்டும், நாம் மறுக்கவேண்டும். மறுபடி சொல்லவேண்டும், மறுபடி மறுக்கவேண்டும். மூன்றாம் தடவை சொன்னால்தான், “சரி, உங்களுக்குச் சிரமமில்லேன்னா...” என்று இழுத்து ஒத்துக்கொள்ளலாம். ஒரு கப் காபிக்கே இத்தனை சடங்கு. மனானாவுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். தட்டில் மிஞ்சிய கடைசிக் கேக் துண்டை எங்கள் ஆட்கள் பாதியாக வெட்டி, அந்தப் பாதியிலும் பாதி வெட்டி, எறும்புக்குக்கூடப் போதாத துணுக்கை விட்டுவைப்பார்கள். அவள் முழுத் துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “யாருக்கும் வேண்டாம்னா ஏன் காயவிடணும்?” என்பாள்.

சனிக்கிழமை ஹால்வர் வீட்டுக்குப் போனேன்.

“வா வெண்டெல். குளிர் எப்படி?”

“மோசமில்ல அண்ணே.” வெளியே மைனஸ் முப்பது.

“முகம் ஒரு மாதிரி இருக்கே. ஏதாச்சும் ஆகணுமா?”

“சேச்சே, ஒண்ணுமில்ல.”

“எங்கிட்ட சொல்றதுக்கென்ன? பணமோ, கையெழுத்தோ, எதுன்னாலும் செய்யறேன்ப்பா.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கையெழுத்து என்றே சொல்லிவிட்டார்! ஆனால் இது இரண்டாம் தடவைதானே?

“ஐயோ, உங்களுக்கெதுக்கு அண்ணே சிரமம்? வேண்டாம்.”

மூன்றாவதுக்குக் காத்திருந்தேன்.

“வேண்டாம்னா சரி,” என்றார் ஹால்வர். “காபி சாப்பிடறியா?”

“வேண்டாம் அண்ணே.”

காபியை மட்டும் மூன்று தடவை கேட்டார்.

அடுத்த வாரம் உறைந்த ஏரியின் மேல் அவருடைய மீன்பிடிக் குடிசைக்குப் போனேன். பனியில் போட்ட ஓட்டையைப் பார்த்தபடி இருவரும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

“மனானா பேப்பரெல்லாம் ஆச்சா?”

“ஓடிக்கிட்டிருக்கு அண்ணே.”

“நான் ஏதாச்சும் செய்யணுமா?”

“பரவால்ல அண்ணே.”

“நெசமாத்தான் கேக்கறேன்.”

“வேண்டாம் அண்ணே.”

மூன்றாம் தடவைக்கு அவர் வாயைத் திறந்தார். தூண்டில் சுண்டியது. “பிடி, பிடி, விட்டுடாதே!” என்றுதான் அந்த வாயிலிருந்து வந்தது. ஆறு பவுண்டு மீன். அதன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்.

பிப்ரவரி இருபது. இன்னும் ஒன்பது நாள். தினமும் ஃப்ரீசரைத் திறந்து கடிதத்தின் உறையைத் தொட்டுப் பார்ப்பேன், மூடுவேன். சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் மனானா சமையலறை மேஜையில் அவள் ஊர் இறைச்சிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு வேறு. இந்தச் சத்தமெல்லாம் மார்ச்சோடு போய்விடுமே என்று நினைத்தேன்.

“மனானா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“நான் ஏழை.”

“தெரியுமே.”

“இல்லம்மா, கவர்மெண்ட் லெட்டரே போட்டிருக்கு. அதை நான்...”

“குட்டி மீனுக்கு அடியில ஒளிச்சுவெச்சே. வந்த மறுநாளே பாத்துட்டேன்.”

“அந்த நாத்தத்துல எப்படி?”

“நூறு கொழுக்கட்டையை வேற எங்க வைக்கிறது? இடம் பண்ணப் போனேன்.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன? ஹால்வர் கதவைத் தட்டினேன். ‘எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவீங்களா?’ன்னு கேட்டேன். ‘பேனா எங்க?’ன்னார். ஆறு நிமிஷ வேலை. அதுல நாலு நிமிஷம் அவர் கண்ணாடியைத் தேடினோம். எல்லாம் அனுப்பி ஒரு மாசம் ஆகுது. அந்த லெட்டரும் கூடவே போயிடுச்சு. நீ தினம் தொட்டுக் கும்பிடற உறைக்குள்ள கரண்ட் பில்லுதான் இருக்கு.”

“அப்போ ஹால்வருக்கு எல்லாம் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே என்னை ஏரியில விறைக்கவெச்சாரா?”

“நான்தான் சொன்னேன். ‘ரெண்டு தரம் கேளுங்க, மூணாந்தரம் மட்டும் கேக்காதீங்க. அவனே வாயைத் திறக்கட்டும்’னு.”

“அந்த மீன்?”

“மீன் தானா வந்தது.”

எனக்குக் கோபம் வரப்பார்த்தது. அதற்குள் அவள் மாவுக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“காசில்லேங்கறது பெரிசில்ல, வெண்டெல். என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்களோன்னு நீ தனியா உக்காந்து பயந்தே பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கல. ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படத்தானே கல்யாணம் பண்ணிக்கிட்டோம்?”

அழுதுவிட்டேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. அழுது முடித்ததும் அன்றைக்கு நாற்பது கொழுக்கட்டை தின்றேன். அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது.

“ஹால்வர் ஒண்ணுமே வாங்கிக்காமயா கையெழுத்துப் போட்டார்?”

“வேண்டாம்னுதான் சொன்னார். சும்மா வாங்கிக்கறது மரியாதையா? ‘உங்க வாசல் பனியை இனிமே வெண்டெல் தள்ளுவான்’னேன். ‘சேச்சே’ன்னார். மறுபடி சொன்னேன். ‘அவனுக்கெதுக்கும்மா சிரமம்?’னார். உங்க ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா என்ன? மூணாந்தரம் சொன்னேன். ஒத்துக்கிட்டார்.”

“எத்தனை நாளைக்கு?”

“அவர் ஜாமீன் நிக்கற வரைக்கும். நாளைலேர்ந்து ஆரம்பி.”

ஏப்ரலில் அவளுக்கு கிரீன் கார்டு வந்தது. மனானா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையலறையில் ஒரு சுற்று ஆடினாள். ஹால்வர் கேக்கோடு வந்தார். எங்கள் ஊர் ஏப்ரலாயிற்றே, வெளியே பனி கொட்டியது. அவர் வாசல் பாதை எண்பது அடி நீளம். தள்ளி முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, அவர் ஜாமீன் என்றைக்கு முடியும் என்று கணக்குப் போட்டபடி ஆசையாகக் கேட்டேன்.

“மனானா, மூணு வருஷத்துல குடியுரிமைக்கு எழுதிப் போடலாமாமே? அன்னிக்கே போட்டுடலாமா?”

தட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் கேக் துண்டை அவள் முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“என்ன அவசரம்? எனக்கு இந்தக் கார்டே போதும்.”

“அதானே, என்ன அவசரம்?” என்றார் ஹால்வர். அவரை யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.