மஞ்சள் கோட்டைத் தாண்டிய கார்

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டுக்கு என் எதிரே உட்காரும் வெண்டல் சொன்னது. வெண்டல், விரல் நீள மீனைப் பிடித்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிற ஆள். அதனால் என்னால் நம்ப முடியாததையெல்லாம் கழித்துவிட்டேன். மிச்சம் இது.

டெட்ராய்ட்டுக்குத் தெற்கே, ஆற்றோரம், வையன்டாட். எங்கள் ஊரில் கட்சி இரண்டுதான். ஓட்டுப் போடுகிற கட்சி இல்லை, கார் கம்பெனி. பெயரைச் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். முத்திரையின் நிறத்தை வைத்து ஒன்றை நீலம் என்றும் மற்றதைச் சிவப்பு என்றும் வைத்துக்கொள்வோம். நீலக் குடும்பத்தில் பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து நீலக் காரில்தான் வீட்டுக்கு வரும். சிவப்பும் அப்படியே. கத்தோலிக்கப் பெண் லூத்தரன் பையனைக் கட்டிக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீலப் பெண் சிவப்புப் பையனைக் கட்டிக்கொண்டால் சொந்தக்காரர்கள் கல்யாண விருந்தில் தனித்தனி மேசையில் உட்காருவார்கள்.

நார்பர்ட் ஜப்லான்ஸ்கி சிவப்பு. அவர் மனைவி டெல்ஃபீன் நீலம்.

அவர்கள் குடியிருந்தது டெல்ஃபீனின் அப்பா காஸிமிர் கட்டிய வீட்டில். மனிதர் வாழ்நாள் முழுக்க நீலக் கம்பெனியில் கார்களுக்குக் கதவு மாட்டியவர். வீட்டுக்குள் கார் நுழையும் பாதையில், நடைபாதையை ஒட்டி, தன் கையாலேயே ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார். சிவப்புக் கார் அதைத் தாண்டக் கூடாது. காதலிக்க வந்த காலத்தில் நார்பர்ட் தெருவில் நிறுத்தினார். கல்யாணமான பிறகும் தெருவில்தான். காஸிமிர் செத்துப்போனார், கோடு சாகவில்லை.

"அப்பா போட்ட கோடு," என்பார் டெல்ஃபீன். மேல்முறையீடு கிடையாது.

குளிர்காலம்தோறும் பனி வாரும் லாரி வந்து தெருப் பனி முழுவதையும் நார்பர்ட் காரின்மேல் குவித்துவிட்டுப் போகும். ரோட்டில் கொட்டுகிற உப்பு காரை அடியிலிருந்து அரித்துத் தின்னும். நார்பர்ட் மண்வெட்டியோடு நின்று காரைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கும்போது, டெல்ஃபீனின் நீலக் கார் கராஜிலிருந்து கதகதப்பாக வெளியே வந்து, ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போகும்.

இப்படியே ஓய்வு பெறும் வயதும் வந்தது.

ஓய்வு பெற்ற நார்பர்ட் வீட்டில் இருந்தார். அதுதான் பிரச்சினை, முழு நேரமும் இருந்தார். சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டு அடுக்கும் மனைவியின் பின்னால் நின்று, "அந்தக் கிண்ணத்தைத் திருப்பி வச்சா இன்னும் ரெண்டு தட்டு பிடிக்கும் டெல்," என்று யோசனை சொன்னார். டெல்ஃபீன் மெஷின் கதவைச் சாத்தினார். கிண்ணத்தைத் திருப்பி வைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, டெல்ஃபீன் ஏவிய ஏதோ வேலையாக மன்ரோ பக்கம் போன நார்பர்ட், ஒரு பண்ணை வேலியோரம் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். இறங்கியவர் வேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

அங்கே களைக்குள் ஒன்று கிடந்தது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். பத்தொன்பது வயதில் நார்பர்ட் கனவு கண்ட அதே சிவப்புக் கம்பெனி கார். கண்ணாடி இல்லை. முகப்புக் கிரில் இல்லை. பெயர் எழுத்துக்கள் இல்லை. பின் விளக்கு இருந்த இடத்தில் ஒரு குருவி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. டிரைவர் சீட் வழியாக ஒரு மரக்கன்று முளைத்து, கூரை இருந்த இடத்தில் வெளியே எட்டிப் பார்த்தது. மற்றபடி கார் நல்ல நிலையில் இருந்ததாக நார்பர்ட் நினைத்தார்.

வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் யோசித்தார். நம்பர் பிளேட் இல்லாத காரைத் தெருவில் நிறுத்தினால் நகராட்சி தூக்கிக்கொண்டு போய்விடும். கராஜில்தான் வைக்க வேண்டும். கராஜுக்கு முன்னால் கோடு.

பக்கத்து வீட்டு வெண்டலிடம் இழுவை லாரி இரவல் கேட்கப் போனபோதுதான் அந்த மகா யோசனை பிறந்தது. வெண்டல் தன்னுடையது என்கிறார். நார்பர்ட்டும் அது வெண்டலுடையது என்றுதான் சொல்கிறாராம்.

"யோவ் நார்ப், இது எந்தக் கம்பெனின்னு பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது. பேரும் இல்ல, மூஞ்சியும் இல்ல. நீலம்னு சொல்லிடு."

"டெல் கண்டுபிடிச்சிட்டா?"

"எதை வச்சுக் கண்டுபிடிப்பாங்க? துருவுக்கு என்னய்யா கம்பெனி?"

ஞாயிற்றுக்கிழமை வெண்டலின் லாரியில் கார் வந்து இறங்கியது. வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் டெல்ஃபீன்.

"என்ன இது?"

"கார்."

"எங்க?"

"இதுதான் டெல். உங்க அப்பா கம்பெனிக் கார். அவர் நினைவா சரி பண்ணலாம்னு."

சொன்னவுடன் நார்பர்ட்டுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. 'அவர் நினைவா' என்பதை ஒத்திகை பார்க்கவில்லை; தானாக வந்தது. டெல்ஃபீன் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பானட்டை விரலால் தொட்டார். விரல் உள்ளே போய்விட்டது.

"அப்பா பார்த்தா அழுதிருப்பார்," என்றார்.

"துருவைப் பார்த்தா?"

"ம். அப்படியும் வச்சுக்கலாம். சரி, உள்ள தள்ளு. குருவிக்கு வேற வீடு பாரு."

சிவப்புக் கார் மஞ்சள் கோட்டைத் தாண்டியது. நார்பர்ட் ஒரு தடவை வானத்தைப் பார்த்தார். மாமனார் எங்கிருந்தாவது ஸ்பேனரை வீசுவார் என்று ஒரு பயம்.

அதன் பிறகு துருவோடு மல்லுக்கட்டு. கதவைத் திறந்தார், கதவு கையோடு வந்தது. கதவைக் கீழே வைத்தார். கதவின் அடிப்பாகம் தரையிலேயே தங்கிவிட்டது. சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். சீட்டும் அவரும் தரைத்தகடும் சேர்ந்து சிமென்ட் தரைக்கு வந்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்கத் துரு போகவில்லை, கார்தான் போனது. வெட்டி எடுத்ததை ஒரு பக்கமும் மிஞ்சியதை ஒரு பக்கமும் வைத்தால், வெட்டி எடுத்த பக்கம்தான் காரைப்போல இருந்தது. ஆனாலும் மனிதர் விடவில்லை. புதுத் தகடு வாங்கி, வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, பட்டி பூசி, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தார். விடிந்தால் கராஜ், பொழுது சாய்ந்தால் கராஜ். சாப்பாடு கராஜ் வாசலுக்கு வந்தது. டெல்ஃபீன் இவ்வளவு சிரித்த முகமாக இருந்து அவர் பார்த்ததே இல்லை.

முதல் கிறிஸ்துமஸுக்கு டெல்ஃபீன் ஒரு பெரிய பரிசுப் பொட்டலம் கொடுத்தார். பிரித்தால் ஒரு கிரில். நீலக் கம்பெனிக் கிரில்.

"அப்பா பேஸ்மென்ட்ல பத்திரமா வச்சிருந்தார். இந்த மாடலுக்கே உள்ளது. பொருந்தும்ல?"

"பொருந்தாம?" என்றார் நார்பர்ட்.

கிரில் காரின் முகத்தைவிட நாலு விரல் அகலம். பொருந்தவில்லை என்றால் ஏன் பொருந்தவில்லை என்று சொல்ல வேண்டும். பாதிக் குளிர்காலம் செலவழித்துச் சேர்த்த இரண்டு முன் தகடுகளையும், பல்லைக் கடித்துக்கொண்டு அவரே அறுத்தார். அறுக்கும்போது அழுததாக வெண்டல் சொல்கிறார். கண்ணில் தூசி என்று நார்பர்ட் சொன்னாராம். அதையும் வெண்டல்தான் சொல்கிறார்.

ஈஸ்டருக்குப் பின் விளக்குகள் வந்தன. அதற்காக டிக்கியை அறுத்தார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஸ்டியரிங். அதன் நடுவில் நீலக் கம்பெனி முத்திரை.

"வேற எதாவது சொல்லணுமா நார்ப்?" என்பார் டெல்ஃபீன், ஒவ்வொரு முறையும், அன்பாக.

"என்னத்த சொல்றது? எனக்குப் பேச்சே வரல டெல்."

"நிஜமா ஒண்ணும் இல்ல?"

"நன்றி."

பெயிண்டுக்கு நேரம் வந்தது. நார்பர்ட்டின் மனதில் ஒரே நிறம். இளமையிலிருந்து உள்ள சிவப்பு. டெல்ஃபீன் ஒரு நீல டப்பாவோடு வந்தார். அவருடைய சித்தி பையன் லியோனுக்கு பெயிண்ட் பட்டறை. செலவில்லாமல் அடித்துத் தருவான், ஆனால் நீலம்தான். கூடவே ஒரு பை. அதற்குள் டிக்கியில் பதிக்க வேண்டிய பெயர் எழுத்துக்கள், பளபளவென்று, ஒன்றுகூட விடாமல்.

நார்பர்ட் வெண்டலிடம் ஓடினார்.

"பேர் வேறயா! ஆகஸ்ட் ஊர்வலத்துக்கு நான் எப்படிய்யா போவேன்? பேங்க் முன்னாடி நம்ம ஆளுங்க வரிசை. இந்தப் பேரோட போனா கல்ல விட்டு அடிப்பானுங்க."

இந்த ஊர்வலம்தான் எங்கள் ஊரின் பெரிய திருவிழா. பழைய கார்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பேங்க் முன்னால் சிவப்பு வரிசை, தேவாலயம் முன்னால் நீல வரிசை. காருக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். சிவப்பு வரிசையில், தன் கனவுக் காருக்குப் பின்னால் ஒரு நாள் உட்கார வேண்டும். நார்பர்ட் இத்தனையும் பட்டது அந்த ஒரு நாளுக்காக.

வெண்டல் தாடையைத் தடவினார். "எழுத்தை டேப் போட்டு ஒட்டு. ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப். ஊர்வலத்தன்னைக்குக் காலைல சூடு காட்டி, நூல் போட்டு உருவிடு. உண்மையான பேரை ஒட்டு. நீலப் பெயிண்ட்டு, கிரில்லு எல்லாம் பரவாயில்ல, 'வித்தியாசமா பண்ணினேன்'னு சொல்லிக்கலாம். பேர் மட்டும் சரியா இருக்கணும்."

நார்பர்ட் சிவப்புக் கம்பெனியின் அசல் எழுத்துக்களைத் தேடி வாங்கி, சாக்ஸுக்குள் சுருட்டி ஒளித்து வைத்தார். கார் லியோன் பட்டறைக்குப் போனது; பெயிண்ட் காய்ந்ததும் நார்பர்ட் அங்கேயே நீல எழுத்துக்களை டேப் போட்டு ஒட்டினார். இரண்டு நாள் கழித்து கார் பளிங்குபோல் நீலமாக வீட்டுக்குத் திரும்பி வந்தது. பெயிண்ட் எவ்வளவு சுத்தமாக இருந்ததென்றால், தேவாலய வாசலில் நிறுத்தினால் சாமியாரே அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்வார்.

ஆகஸ்ட் வந்தது. ஊர்வலத்தன்று காலை, டெல்ஃபீன் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, நார்பர்ட் அவருடைய ஹேர் டிரையரையும் பல் இடுக்குச் சுத்தம் செய்கிற நூலையும் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். முதல் எழுத்துக்குச் சூடு காட்டினார். நூலை மடித்து எழுத்துக்குப் பின்னால் விட்டு இழுத்தார். நூல் பாதியில் நின்றது. இன்னும் இழுத்தார். நூல் அறுந்தது. இரண்டாவது எழுத்தும் அப்படியே.

"காருக்குத் தலையும் துவட்டிப் பல்லும் விளக்குறியா?"

கராஜ் வாசலில் ஈரத் தலையோடு டெல்ஃபீன்.

"எழுத்து... உறுதியா இருக்கான்னு பார்த்தேன்."

"ரொம்ப உறுதியா இருக்கும். வெறும் டேப்புதான் ஒட்டியிருந்த. வழியில விழுந்துட்டா பாவம்னு, லியோன்கிட்டச் சொல்லி எழுத்துக்கு ரெண்டு ஓட்டை போட்டு, உள்பக்கமா நட்டு வச்சு முடுக்கச் சொல்லிட்டேன்."

"ஓட்டையா?"

"ஆமா."

"என் டிக்கியிலயா?"

ஒவ்வொரு ஓட்டையாக அடைத்த மனிதர். எழுத்தைக் கழற்றினால் புதுப் பெயிண்டில் சல்லடை தெரியும். அப்படியே ஹேர் டிரையரோடு கராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, இரண்டு குளிர்காலமாக அடக்கி வைத்ததைச் சொன்னார்.

"டெல். இது உங்க அப்பா கம்பெனிக் கார் இல்ல."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"வந்து இறங்கின அன்னைக்கே. லாரிலேர்ந்து இறக்கினதும், வெண்டல் அந்தப் பக்கம் திரும்பினப்போ, குனிஞ்சு அந்தத் துருவுக்கு ஒரு முத்தம் கொடுத்தியே. ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். நீலக் காருக்கு நீ முத்தம் கொடுப்பியா?"

"அப்ப அந்தக் கிரில்?"

"மூஞ்சிய அறுக்கணுமேன்னு வயிறு எரிஞ்சு, நீயா உண்மையச் சொல்லிடுவன்னு பார்த்தேன். நீ அறுத்துட்ட."

"பின் விளக்கு?"

"அதுக்கும் அறுத்துட்ட. அதுக்கு மேல நிறுத்த எனக்கு மனசு வரல. நல்லா இருந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? எங்க அப்பா போய் எத்தனை வருஷம் ஆச்சு! பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் கராஜ்லயேதான் கிடக்குது. கோட்டை அழிக்கட்டுமான்னு கேட்டிருந்தா, நானே அழிச்சுக் கொடுத்திருப்பேன்." டெல்ஃபீன் கையை நீட்டினார். "சாவியக் கொடு. நேரமாச்சு. லியோன் தேவாலயத்து முன்னாடி நிழலா இடம் பிடிச்சு வச்சிருக்கான்."

நார்பர்ட் கொடுத்தார்.

அன்று நாள் முழுக்க அவர் நீல வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போகிற வருகிற நீலக்காரர்களெல்லாம் டெல்ஃபீனின் கையைக் குலுக்கி, "உங்க அப்பா சந்தோஷப்பட்டிருப்பார்," என்றார்கள். ஒருவர் நார்பர்ட்டின் தோளைத் தட்டி, "ஒரு வழியா திருந்திட்டீங்க போல," என்றார். நார்பர்ட் சிரித்தார். தெருவுக்கு அந்தப் பக்கம், பேங்க் முன்னால், அவருடைய பழைய சகாக்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்த சாசேஜ் ரொட்டியை நார்பர்ட் மென்றுகொண்டே இருந்தார். விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை.

வெண்டல் இதோடு நிறுத்திவிட்டார். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. இப்படிப்பட்ட ஒரு பெண்மணியின் கராஜுக்குள் அந்தக் கார் எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது? போன மாதம் மன்ரோ பக்கம் போகவேண்டி வந்தபோது, அந்தப் பண்ணையைத் தேடிப் பிடித்து, பண்ணைக்காரரிடம் கேட்டேன். நார்பர்ட்டை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரமே ஒரு பெண்மணி வந்து வேலியோரம் நின்று அந்தக் காரைப் பார்த்தாராம். விலையைக் கேட்கவில்லை, எஞ்சினைப் பார்க்கவில்லை. புருஷன் ஓய்வு பெற்று வீட்டிலேயே இருப்பதாக மட்டும் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்:

"இதைவிட மோசமாத் துருப்பிடிச்சது எதுவும் இல்லையா?"