பந்தல் துணிக்குக் கீழே ஒரு கடும் வறுமை

கூச்ச சுபாவம் உள்ளவனுக்குக் கடவுள் வாயைக் குறைவாகவும் கழுத்தைத் தாராளமாகவும் கொடுத்திருக்கிறார். வாய் 'முடியாது' என்று சொல்லத் தயாராவதற்குள் கழுத்து தலையை ஆட்டி முடித்துவிடும். என் வாழ்க்கையில் நடந்த நல்லது கெட்டது எல்லாமே இப்படித் தலையாட்டி வந்தவைதான். (கல்யாணம் உட்பட. அது நல்லதில் சேர்த்தியா கெட்டதில் சேர்த்தியா என்று இங்கே எழுத முடியாது. மேரிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.)

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறேன். மூட்டையோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்கு ஒத்துப்போய்விட்டது.

புயல் அடித்ததே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. எங்கள் கீற்றுக் கூரையில் பாதியைக் காற்று அள்ளிக்கொண்டு போய் யாருடைய வயலிலோ போட்டிருந்தது. அந்த ஓட்டைக்கு மேல் கட்டிய நீலத் தார்ப்பாயும் வெயிலில் காய்ந்து கிழிந்துவிட்டது. மகள் ஸ்டெல்லா பன்னிரண்டாம் வகுப்பு. மழை வந்தால் புத்தகங்களை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டு, கையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே குடை பிடித்துப் படிப்பாள். ஐப்பசி மழை நெருங்க நெருங்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. கூரை, கூரை, கூரை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"சவரிமுத்து, தஞ்சாவூர் பங்குப் பிள்ளைங்க வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம ஊருக்கு வர்றாங்க. கடும் வறுமையை ஒழிக்கணும்னு துடிப்பா இருக்காங்க. ஒரு நாள் ஏழை வீட்டுல இருந்து, கஞ்சி குடிச்சு, கஷ்டத்தைக் கண்ணால பாக்கணுமாம். பாத்து மனசு எரங்கிட்டா அந்த வீட்டுக்குக் கூரை போட்டுத் தருவாங்க."

"நல்லதுங்க சாமி."

"உன் வீட்டைத்தான் சொல்லியிருக்கேன்."

கழுத்து ஆடிவிட்டது.

என் வீட்டை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கோயில் உபதேசியார் முதலில் தெருவில் விசாரித்திருக்கிறார். ரேஷன் அட்டை எழுத ஆள் வந்தால் எங்கள் தெருவில் ஏழை இல்லாத வீடே கிடையாது. டவுன் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஒரே காலையில் தெரு முழுக்க வறுமை ஒழிந்துவிட்டது. ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டைக் கைகாட்டியது. கடைசி வீடு என்னுடையது. அதற்கப்புறம் வாய்க்கால்தான்.

இனி மேரியிடம் சொல்ல வேண்டும். 'நம்மை ஏழை என்று காட்டப் போகிறோம்' என்பதை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். வாசலில் அவளைப் பார்த்ததும் ஒத்திகையில் முதல் பாதிதான் வந்தது.

"தஞ்சாவூர்லேருந்து பிள்ளைங்க நம்ம வீட்டுக்கு வர்றாங்களாம். மத்தியானம் சாப்பாடு இங்கதான்."

"நம்ம வீட்டுக்கா? சாமியாரே சொன்னாரா?" மேரியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்து மீதிப் பாதியைச் சொல்லத் தைரியசாலி எவனாலும் முடியாது. நான் எந்த மூலைக்கு?

அந்த வாரம் மேரி ஒரு கல்யாண வீட்டையே நடத்தினாள். கூத்தாநல்லூரில் அவள் சமையல் வேலை பார்க்கும் வீட்டம்மா, மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த கம்பளத்தையும் கண்ணாடி டம்ளர்களையும் மனசாரக் கொடுத்தனுப்பினார். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தது. (என் முதுகில்தான்.) அதற்குக் கரண்ட் கொடுக்க இடமில்லாததால், மேரி எங்கள் பழைய துணிகளை அதற்குள் அடைத்து மூடினாள். சனிக்கிழமை சாயங்காலம் பந்தல் போடும் அவள் தம்பியிடமிருந்து சிவப்பும் தங்கமுமாக ஜரிகை வைத்த பந்தல் துணி வந்தது. கூரை ஓட்டை தெரியாமல் உள்பக்கமாக அதை இழுத்துக் கட்ட வேண்டுமாம்.

அந்த ஓட்டைதான் எங்கள் மூலதனம். அதைக் காட்டித்தான் கூரை வாங்க வேண்டும். இப்போதாவது சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

"ஏங்க, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஏணியைப் புடிங்க."

பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்கினார்கள். எல்லார் மார்பிலும் 'வறுமையே வெளியேறு' என்று புதுச் சட்டை. வறுமையை மத்தியானத்துக்குள் வெளியேற்றிவிட்டு சாயங்காலம் வேளாங்கண்ணி போய்க் கடலில் குளிப்பதாகத் திட்டம். தலைவன் பேர் பிரின்ஸ், இன்ஜினீயரிங் மாணவன். ஷைனி என்ற பெண் கையில் போனை வீடியோவுக்குத் தயாராகப் பிடித்திருந்தாள்.

பிரின்ஸ் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். துபாய்க் கம்பளம். ஃபிரிட்ஜ். தலைக்கு மேலே ஜரிகை.

"அங்கிள், அந்த ஏழை வீடு எதுங்க?" என்று ரகசியமாகக் கேட்டான்.

"இதுதாங்க தம்பி" என்றேன், அவனைவிட ரகசியமாக. கூட வந்த உபதேசியார் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய பாவம் எல்லாம் இருந்தது.

எல்லாரும் கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். "உங்க கஷ்டத்தை எங்களோட பகிர்ந்துக்கங்க அங்கிள்" என்றான் பிரின்ஸ். ஷைனி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதே சமயம் மேரி மோர் டம்ளர்களோடு வந்து நின்றாள்.

"கஷ்டமா? அப்படி ஒண்ணும் இல்லீங்களே" என்றேன்.

ஷைனி போனை அணைத்தாள்.

அடுத்து மேரியும் ஸ்டெல்லாவும் இலை போட்டார்கள். கோழிக் குழம்பு, வஞ்சிரம் வறுவல், முட்டை. ஒரு பையன் அப்பாவியாகக் கேட்டான்: "ஆன்ட்டி, கஞ்சி இல்லையா? கஞ்சிதான்னு சொன்னாங்க."

"கஞ்சியா?" மேரி கரண்டியோடு நிமிர்ந்தாள். "வீடு தேடி வந்த பிள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்துற வீடா தம்பி இது? எவன் சொன்னான் உங்களுக்கு?"

சொன்ன உபதேசியாரும் ஆமாம் போட்ட நானும் இலைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டோம். ஏழைகளுக்காகக் காலையிலிருந்து பட்டினி விரதம் இருந்த பிள்ளைகள், கடும் வறுமையை மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அப்போதுதான் மழை பிடித்தது.

வழக்கமாகப் பெய்கிற மழைதான். வழக்கமாக நேரே தரைக்கு வரும். அன்று ஜரிகைத் துணியில் தங்கியது. சிவப்புத் துணி மெல்லத் தொப்பை போட ஆரம்பித்தது, சரியாகப் பிரின்ஸின் தலைக்கு மேல். நான் பார்த்துவிட்டேன். ஆனால் பாதிச் சாப்பாட்டில் இருக்கிற விருந்தாளியை இலையைவிட்டு எழுப்புவது எப்படி? அதைவிடப் பெரிய அவமரியாதை எங்கள் பக்கத்தில் கிடையாது. 'இந்தக் கவளத்தோடு முடித்துவிடுவான்' என்று பார்த்தேன். மேரி மறுபடி சோறு போட்டாள். தொப்பை என் தொப்பையைத் தாண்டிப் போனது. ரசத்துக்குக் கையைக் குழித்துப் பிடித்தான் பிரின்ஸ்.

ரசம் வருவதற்குள் துணி கிழிந்தது.

அவ்வளவு தண்ணீர் பிரின்ஸுக்கு ஞானஸ்நானத்தின்போதுகூடக் கிடைத்திருக்காது. இலை மிதந்தது. வஞ்சிரம் துபாய்க் கம்பளத்தில் நீந்தியது. எல்லாரும் மேலே பார்த்தார்கள். கிழிந்த ஜரிகை வழியாக வானம் தெரிந்தது.

"அங்கிள்! உங்க வீட்டுக்குக் கூரையே இல்லையா?" என்று கத்தினாள் ஷைனி. அவ்வளவு சந்தோஷமாக அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போன் மறுபடி எழுந்தது.

உபதேசியாருக்கும் உயிர் வந்தது. "நான்தான் சொன்னேனே! இந்தத் தெருவுலயே கடும் வறுமை இந்த வீடுதான்! அதைப் பாத்துக் கூரை போட்டுத் தரத்தானே இவங்க வந்ததே!"

மேரியின் கையிலிருந்த ரசச் சட்டி கீழே இறங்கியது. என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா இது?"

கழுத்து ஆடியது. வாழ்க்கையில் அது ஒரு தடவையாவது ஆடாமல் இருந்திருக்கலாம்.

மேரி கத்தவில்லை. முந்தானையால் பிரின்ஸின் தலையைத் துவட்டிவிட்டாள். "ஏழையப் பாக்க வந்தீங்களா தம்பி? பாத்தாச்சுல்ல? போனை உள்ள வை கண்ணு. உக்காருங்க, பாயசம் இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க. கூரை கீரையெல்லாம் எங்களுக்கு வேணாம்."

சமையல்கட்டு ஓரத்தில் ஸ்டெல்லா நின்றிருந்தாள். டிரம்மின் மூடி மேல் கை வைத்திருந்தாள். வரவிருந்த கூரை கைவிட்டுப் போய்விட்டது என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இந்தக் கதையில் அந்த ஒரு இடத்தில் மட்டும்.

பிள்ளைகள் பாயசத்தைக் குடித்து முடித்தார்கள். மழை நின்றதும் பிரின்ஸ் எழுந்தான். "அந்தத் தார்ப்பாயையாவது இழுத்துக் கட்டிட்டுப் போறேன் ஆன்ட்டி" என்று வெளியே போய் ஏணியைச் சாத்தினான். அந்தப் பக்கத்து மூங்கில் இற்றுப்போனது என்று எனக்குத் தெரியும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். என் வாய் திறக்கும் வேகம் உங்களுக்குத் தெரியும். அவன் மேலே போய்விட்டான்.

முதலில் ஒரு செருப்பு உள்ளே வந்தது. பிறகு ஒரு கால். பிறகு முழு பிரின்ஸும், புயல் பாவம் பார்த்து விட்டுவைத்த மீதிப் பாதிக் கூரையும் சேர்ந்து வந்தார்கள். நேரே ஃபிரிட்ஜின் மேல் விழுந்ததில், அது கதவைத் திறந்து எங்கள் பழைய வேட்டி, பாவாடை எல்லாவற்றையும் வெளியே தள்ளியது. அவன் அதன் மேல் சறுக்கி இறங்கினான். அடி இல்லை. எங்கள் கந்தல்தான் அவனைக் காப்பாற்றியது.

கீற்றுத் தூசிக்குள்ளிருந்து எழுந்தவன் மேரியைப் பார்த்து, "ஆன்ட்டி, நான் ஒடச்சதை நானே கட்டித் தர்றேன். இது உதவி இல்ல ஆன்ட்டி. தண்டம்" என்றான்.

மேரி நான்கு சுவருக்கு மேலே இருந்த முழு வானத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒடச்சவங்க கட்டித் தர்றதுதான் நியாயம்" என்றாள்.

வேன் அன்று வேளாங்கண்ணி போகவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து பிள்ளைகள் இரும்புக் குழாயும் தகர ஷீட்டுமாக வந்து வேலை பார்த்தார்கள். மேரி கீழே நின்று அதட்டினாள். மத்தியானம் கஞ்சி ஊற்றினாள். வேலைக்கு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதில் என்ன கௌரவக் குறைச்சல்? அந்தப் பையன் கேட்ட கஞ்சி அப்படிக் கிடைத்தது. அவர்களை ஊக்கப்படுத்த எத்தனையோ பேர் மைக் பிடித்துப் பேசியிருப்பார்கள். கடைசியில் ஊக்கப்படுத்தியது ஓர் இற்றுப்போன மூங்கில்.

ஷீட் ஏறியதும் தெருவுக்கு வறுமை திரும்பி வந்துவிட்டது. பிரின்ஸ் நடந்தால் ஒவ்வொரு வாசலிலிருந்தும் குரல் வரும்: "தம்பி, எங்க வீட்டு மேலயும் ஒரு தடவை ஏறிட்டுப் போங்க!" பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரு வீட்டுக்கு வந்து கூரை போட்டுத் தருகிறார்கள். அதற்கு எங்கள் ஊரில் உதவி என்று பேர் இல்லை. 'தண்டம் கட்ட வந்திருக்காங்க' என்றுதான் சொல்வோம்.

ஸ்டெல்லா இப்போது தஞ்சாவூரில் நர்ஸ். போன மாதம் அவளைப் பெண் பார்க்க வருவதாகப் போன் வந்தது. நான் 'சரிங்க, சரிங்க' என்று தலையாட்டிப் பேசி வைத்தேன். ஸ்டெல்லா என் கையிலிருந்த போனை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பா, இந்தத் தடவை நாம ஏழையா, பணக்காரங்களா? அம்மா ஏணியை எடுக்கறதுக்குள்ள சொல்லிடுங்க."