நான் டென்மார்க் தரப்பில் உட்கார்ந்த நாள்

காலை பத்து மணி முதல் மதியச் சாப்பாடு வரைக்கும் நான் டென்மார்க் நாட்டுக்காரனாக இருந்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்த எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

எனக்கு வடசேரி சந்தையில் வாழைக்குலைக் கடை. படிப்பு பத்தாம் வகுப்பு. கூச்சம் மட்டும் பட்டப்படிப்பு அளவுக்கு உண்டு. குலை ஏலத்தில்கூட வாயைத் திறக்க மாட்டேன், விரலைத்தான் காட்டுவேன். (அதுவும் பாதிதான் நிமிரும்.)

என் அக்கா மகள் ஜெனிஷா டென்மார்க்கில் நர்ஸ். கை எலும்பு முறிந்து அவளுடைய வார்டுக்கு வந்தவர் விகோ. பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே ஆடுகிற ஐஸ் ஹாக்கிதான் அவர் தொழில். அதில் தடுப்பாட்டக்காரர். கையில் போட்ட கட்டைப் பிரிப்பதற்குள் இருவரும் கல்யாணம் வரை பேசிவிட்டார்கள்.

அக்கா சம்மதித்துவிட்டாள். அத்தான் உயிரோடு இல்லை. அவருடைய அண்ணன், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிற பெரியத்தான்தான் ஜெனிஷாவை வளர்த்தவர். அவர் கைபிடித்துக் கோயிலுக்குள் (எங்களுக்குச் சர்ச்தான் கோயில்) கூட்டிப் போகாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அவரோ, "வெளையாடித் திரியுதவனுக்குப் பொண்ணா? நிச்சயத்துக்கு வருவேன், ஆளைப் பாப்பேன், பெறவு சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்து நிச்சயத்தில் பெண் வீட்டார் ஒரு பக்கமும் பையன் வீட்டார் எதிர்ப்பக்கமும் உட்கார வேண்டும். பையன் வீட்டுப் பெரியவர் எழுந்து, பையன் யார், என்ன செய்கிறான் என்று சபைக்குச் சொல்ல வேண்டும். விகோ தனியாக வந்திருந்தார். எதிர்ப்பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஏலே செல்வா, நீ அந்தப் பக்கம் போய் இரி."

"நான் பொண்ணுக்கெ மாமன்லா அக்கா?"

"உச்சச் சாப்பாடு வரைக்கும் நீ டென்மார்க்கு. போ."

பேசுவதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. முந்தின நாள் திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து விகோவை நான்தான் வாடகைக் காரில் அழைத்து வந்தேன். பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "யுவர் ஜாப்?"

அவர் சட்டைக் கையை மடக்கினார். முழங்கையில் ஒரு நீளத் தழும்பு. "ஸ்வீடன்" என்றார். மீசை முளைக்கும் வயதில் வீட்டை விட்டு அங்கே ஆடப் போனாராம். தோளைத் தொட்டு, "ஜெர்மனி." முழங்காலைத் தட்டி, "அமெரிக்கா." அங்கே சின்னச் சின்ன ஊர்களுக்குப் பஸ்ஸில் படுத்துத் தூங்கிக்கொண்டே போய் ஆடினாராம். மூக்கைத் தொட்டு இரண்டு நாட்டுப் பெயர் சொன்னார். பிறகு முன்பல் இரண்டைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். (கார் ஓட்டியவர் அதைக் கண்ணாடியில் பார்த்து பிரேக்கை மிதித்துவிட்டார்.) அந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதில் வட்டு; எதிரி அடித்தால் அது லாரி வேகத்தில் வருமாம். மற்றவர்கள் விலகும்போது, அதற்கு முன்னால் போய் விழுவதுதான் இவருடைய வேலையாம். சொந்த நாட்டுக்காக ஆடியதைச் சொன்னபோது மட்டும் அவர் தழும்பு எதையும் காட்டவில்லை. உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார், அவ்வளவுதான்.

குலையை லாரியிலிருந்து இறக்கும்போது காலில் விழுந்துவிடுமோ என்று தள்ளி நிற்கிறவன் நான். அக்கா ஊரான தக்கலை வரும் வரை அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறங்கும்போது பையிலிருந்து கறுப்பாக ஒரு வட்டை எடுத்து, பெண் வீட்டுக்கு என்று கொடுத்தார். நாட்டுக்காக ஆடிய முதல் ஆட்டத்து வட்டாம். பையன் வீட்டுப் பெரியவர் என்ற பொறுப்பில், அதற்கு மல்லிகைச் சரம் சுற்றி, நிச்சயத் தாம்பாளத்தில் ஆப்பிளுக்கும் திராட்சைக்கும் நடுவில் வைத்தேன்.

நிச்சயத்தன்று அக்கா வீட்டுப் பந்தல் நிறைய ஆட்கள். எழுந்தேன். "சபையோர்க்கு ஸ்தோத்திரம்" என்றேன். அதோடு மனப்பாடம் செய்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. ஞாபகத்தில் நின்றது தழும்புகள் மட்டும்தான்.

"இது எங்க பையன் விகோ. முன்பல் ரெண்டு சொந்தம் இல்ல. முழங்கை ஸ்வீடன்ல போச்சு. தோளு ஜெர்மனி. முட்டு அமெரிக்கா. மூக்கு..." நன்றாக யோசித்துச் சொன்னேன். "மூக்கு ரெண்டு நாட்டுல. வேற குறை ஒண்ணும் இல்ல."

பின்வரிசையில் ஒரு சித்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. "ஏட்டி, இது மாப்பிள்ளையா, ஆக்ஸிடென்ட் கேஸா?"

சிரிப்பு அடங்கியதும் பெரியத்தான் கேட்டார். "வருசத்துக்கு எத்தனை கோல் போடுவாரு?"

ஜெனிஷா டேனிஷில் கேட்டாள். விகோ வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று விரல்களைக் காட்டினார்.

"பின்ன எதுக்குச் சம்பளம் குடுக்கான்?" பெரியத்தானின் பார்வை தாம்பாளத்துக்குப் போனது. "இது என்னதுலே, கருகிப்போன அடையா?"

எடுத்தார். முகர்ந்தார். நகத்தால் அழுத்தினார். "ரப்பர்லா!" அவர் முகம் அன்று முதல் முறையாக மலர்ந்தது. "நல்ல உறப்புள்ள சரக்கு. இதை வச்சு என்ன செய்வாரு?"

வாயால் கெடுத்ததைச் செய்கையால் சரிசெய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. (கூச்சக்காரனுக்கு வரும் தைரியம் போல ஆபத்தானது வேறில்லை.) அவரிடமிருந்து வட்டை வாங்கி, கழுவி விட்டு ஈரமாகக் கிடந்த டைல்ஸ் தரையில் வைத்தேன். மூலையில் கிடந்த தென்னை மட்டையை எடுத்தேன். நான் மெதுவாகத் தட்டுவேன், நீங்கள் தடுங்கள் என்று விகோவுக்குச் சைகை காட்டினேன்.

மெதுவாகத் தட்டத்தான் நினைத்தேன். அத்தனை கண்களும் என் மேல் இருந்ததால் என் கண்களை மூடிக்கொண்டேன். வீசிய வேகத்தில் கால் வழுக்கி, நான் மல்லாக்க விழுந்தேன். வட்டு விகோ பக்கம் போகவில்லை. ஆபரேஷன் செய்து பத்திரமாக நீட்டி வைத்திருந்த பெரியத்தானின் முழங்காலைப் பார்த்துப் பறந்தது.

அக்கா அலறினாள். தரையில் கிடந்தபடியே நான் பார்த்தேன். ஆறடி மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கட்டிய வேட்டியோடு, பக்கவாட்டில் அப்படியே சாய்ந்து சறுக்கினார். வேட்டி ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். (உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.) தேங்காய் விழுந்த மாதிரி விலாவில் ஒரு சத்தம். வட்டு அங்கேயே நின்றுவிட்டது.

விகோ எழுந்தார். தன் விலாவைத் தடவவில்லை. பெரியத்தானின் முழங்காலைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். பிறகு வட்டை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தார்.

"மக்கா... நொந்துதா?" என்றார் பெரியத்தான். வேற்றாளை அவர் மக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஜெனிஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நோவும் பெரியப்பா. ஆனா அவருக்கெ ஜோலியே அதுதான்."

பெரியத்தான் வட்டைக் கொஞ்ச நேரம் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். "கொள்ளாம், நல்ல பையன்" என்றார். "கோயிலுக்கு நான் கைபிடிச்சுக் கூட்டிட்டு வாறேன் பிள்ளே. இப்ப யாராவது டென்மார்க் பெரியவரைத் தூக்கி விடுங்க."

அப்போதுதான் நான் இன்னும் தரையில் கிடப்பது மற்றவர்களுக்கு ஞாபகம் வந்தது. இடுப்பு பிசகியிருந்தது. அவர் ஜெனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்ததை, கடைசி பெஞ்சில் இடுப்புக்குப் பெல்ட் போட்டுக்கொண்டுதான் பார்த்தேன்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு எங்கே அடிபட்டாலும், "எந்த நாட்டுல?" என்றுதான் விசாரிப்பார்கள். கத்தி விரலில் பட்டாலும் இதே கேள்விதான், பல்வலி வந்தாலும் இதே கேள்விதான். விகோ இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். இப்போது தமிழும் கொஞ்சம் பேசுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்ததும், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு முதலில் கேட்பது இதுதான்:

"மாமா, இடுப்பு எந்த நாடு?"

"தக்கலை" என்பேன்.